ஈறில் ரத்தம் வருகிறதா, செல்வம்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பிரஷ் குத்தி வரும் ரத்தம் இல்லையடா அது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார், வெள்ளையாகப் பிசுபிசுவென்று வரும். அதில் பெரும்பங்கு பாக்டீரியாதான். அதை எதிர்க்க உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஈறு வீங்குகிறது, லேசாகத் தொட்டாலே கசிகிறது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். 1965இல் வெளிவந்த ஆய்வு அது. மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீக்கம். மறுபடி துலக்கியதும் சில நாளில் சரியாகிவிட்டது.

அதே லோ 1970இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரைப் பார்க்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்தார். பல் துலக்கும் வழக்கமே இல்லாதவர்கள். எல்லார் பல்லிலும் அழுக்கும், அது கல்லாக இறுகிய காரையும், ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் மெல்ல மெல்லப் போனது. மீதி 8 சதவீதம் பேருக்கு 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. ஆளுக்கொரு பிரஷ் கொடுத்து, காரையும் எடுத்துவிட்டிருந்தால் எத்தனை பேருக்குப் பல் நின்றிருக்கும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆக, அழுக்கு எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும், காற்றுப் படாத பைக்குள் பெருகினால் ஆபத்து அதிகம். உடம்பு எப்படி எதிர்க்கிறது என்பதும் முக்கியம். உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் பழையபடி வளர்வது கடினம்.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்று உன் அண்ணன் சொல்வதைக் கேட்காதே. ஆட்டம் ஏற்கெனவே இருந்திருக்கும், காரை போனதும் வெளியே தெரியும், அவ்வளவுதான். இந்த வாரமே பல் டாக்டரைப் போய்ப் பார். அதுவரை ரத்தம் வரும் இடத்திலும் மெதுவாகத் துலக்கு.

அப்புறம், தை மாதம் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
மூர்த்தி