தலை எண்ணுற அப்பா

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்து ஒரு மாசமாச்சு, பதில் இல்லன்னு திட்டிட்டு இருப்ப. அப்பா போனதுல இருந்து பேனாவ எடுத்தாலே பென்ஷன் ஃபார்ம், டெத் சர்டிஃபிகேட் காப்பின்னு அதுக்கே சரியாப் போச்சு, இன்னைக்குத்தான் ஒரு மனுஷனுக்கு எழுதறேன்.

பட்டாளத்துல இருந்தப்ப பாத்த சண்டையப் பத்தி அப்பா கடைசியில ஏதாவது சொன்னாரான்னு கேட்டிருந்த. இல்லடா. குண்டு, சாவு, இதெல்லாம் கேட்டா எப்பவும் போல எழுந்து போய்டுவாரு. ஆனா பாலம்னு வாயெடுத்தா போதும். இரும்புச் சட்டத்த, அதான் பேனல, ஒண்ணோட ஒண்ணு மாட்டிக் கட்டுற அந்த பெய்லி பாலம் ஞாபகம் இருக்கா, தீப்பெட்டிய அடுக்கிக் காட்டுவாரே? ஒரு பேனல் 10 அடி நீளம் 5 அடி உயரம், எடை 570 பவுண்டு அதாவது கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் இருந்தா தூக்கிரலாம், கிரேனும் வேணாம் வெல்டிங்கும் வேணாம், பின் போட்டு மாட்டிக்கிட்டே போய் இந்தக் கரையில இருந்தே ரோலர் மேல அக்கரைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்னு மூச்சு விடாம சொல்வாரு. கவுந்துடாதா அங்கிள்னு நீ கேட்ட. முன்னாடி இருக்க மூக்கு லேசா இருக்கணும், அது அக்கரைய தொடற வரைக்கும் பளு ரோலருக்கு இந்தப் பக்கமே நிக்கணும்னு, தீப்பெட்டி வாலுல சாவிக்கொத்த வச்சுக் காட்டினாரு. ரெண்டாம் உலகப்போர் காலத்து டிசைன், வெள்ளம் பாலத்த அடிச்சுட்டுப் போனா இன்னைக்கும் அதத்தான் தேடுறாங்க.

மாட்டின பின்னுங்கள ஒண்ணு விடாம எண்ணிட்டுத்தான் வண்டிய விடுவாராம். வீட்டுலயும் அதே கதைதான், ராத்திரி டார்ச்சோட வந்து எங்க தலைய தொட்டுத் தொட்டு எண்ணுவாரு, நீ வந்து தங்குற நாள்ல நாலு. ஒரு தடவ நீ சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய்ட்ட, மூணுதான் வருதுன்னு நடுராத்திரி உங்க வீட்டுக் கதவ தட்டினாரே, உங்கப்பா பயந்தே போய்ட்டாரு!

அம்மாவுக்கு முட்டி வலி வந்தப்ப பாத்ரூம்ல அவரே கைப்பிடி போட்டாரு. போட்டவரு சும்மா இருக்கல, என்னையும் தம்பியையும் சேத்து அதுல தொங்கச் சொன்னாரு, லோடு டெஸ்டாம். ரெண்டு பேருக்கும் நாப்பது வயசுக்கு மேல. அம்மா வெளிய நின்னு சிரிச்ச சிரிப்பு இருக்கே.

ஆஸ்பத்திரியில கடைசி வாரம் அவருக்கு ஆளே அடையாளம் தெரியல, ஆனா கட்டில சுத்தி நின்ன எங்கள விரலால எண்ணினாரு. என்னையும் தம்பியையும் தங்கச்சியையும் எண்ணிட்டு, இன்னொருத்தன் எங்கன்னாரு. எனக்கு சட்டுன்னு புரியல, தங்கச்சிதான் உன் பேர சொன்னா. ஊர்ல இல்லப்பான்னேன். "சரி, வந்ததும் ரிப்போர்ட் பண்ணச் சொல்லு"ன்னாரு. ஃபோன்ல இத சொல்ல வாய் வரலடா, அதான் எழுதறேன்.

அவரு கணக்குப் போடுற நகர்த்து ஸ்கேல், அந்த ஸ்லைடு ரூல், உனக்குன்னு அம்மா எடுத்து வச்சிருக்காங்க. தம்பி கேட்டான், குடுக்கல. அது இலக்கத்த மட்டும்தான் சொல்லும், தசமப் புள்ளி எங்க வைக்கணும்னு உன் மண்டைதான் சொல்லணும்னு உன்னத்தான அதிகமா திட்டினாரு. கர்சர் கண்ணாடில ஒரு கீறல் இருக்கு, அது நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும், இத்தன வருஷமா நான்தான் பழி சுமந்தேன். வந்து வாங்கிக்கோ, தபால்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்.

உன்
பழைய பெஞ்ச் கூட்டாளி