அனிலீனில் உள்ள ‘அ’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த செயற்கைச் சாயங்கள் பற்றிய கட்டுரையில் நல்ல உழைப்பு தெரிகிறது. ஒரு பத்தியை மட்டும் திருத்தியாக வேண்டும். சாயங்கள் செய்யப் பயன்படும் அனிலீன் நிறமற்ற எண்ணெய் என்பதால், வடமொழியின் எதிர்மறை ‘அ’வை நீலத்துக்கு முன் சேர்த்து, ‘நீலம் அல்லாதது’ என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கேட்கப் பொருத்தமாக இருப்பதாலேயே இந்த விளக்கம் பள்ளிக்கூடங்கள் வரை பரவிவிடும். ஆனால் அது தவறு. அந்த ‘அ’ அரபு மொழியுடையது. ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான் அதை உலகுக்குக் கொண்டுபோயின.

நம் ‘நீலம்’ பாரசீகத்திலும் அரபியிலும் ‘நீல்’ ஆயிற்று. அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘அல்’ என்ற சுட்டு வரும். அடுத்து னகர ஒலி வந்தால் ‘அல்’லின் லகரமும் னகரமாகிவிடும். பல் + நாள் பன்னாள் ஆவதைப் போல, அல் + நீல் ‘அன்னீல்’. அரபு பேசியவர்கள் ஸ்பெயினை ஆண்ட நூற்றாண்டுகளில் அங்குள்ளவர்கள் சுட்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். லத்தீனின் இரட்டை னகரம் ஸ்பானியத்தில் ஞகரமாகும். ஆண்டைக் குறிக்கும் ‘அன்னுஸ்’ அங்கே ‘அஞோ’. அதே வழியில் ‘அன்னீல்’ ‘அஞீல்’ ஆனது. போர்த்துகீசியத்தில் இரட்டை ஒற்றையாகும். எனவே அங்கே ‘அனீல்’. இன்றும் இரு மொழிகளிலும் வானவில்லின் ஏழு நிறங்களில் கருநீலத்துக்கு இவைதான் பெயர்.

இது நீலத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. சர்க்கரை இத்தாலியத்தில் ‘ஸுக்கெரோ’, ஸ்பானியத்தில் ‘அஸூகர்’. பருத்தி இத்தாலியத்தில் ‘கொத்தோனே’, ஸ்பானியத்தில் ‘அல்கொதோன்’. அரபிச் சுட்டு சொல்லோடு ஒட்டிக்கொள்வது ஸ்பானியத்தில் அடிக்கடி காணும் அடையாளம். ஆகவே ஒரு மொழியில் நீலச்சாயத்தின் பெயர் ‘ந’வில் தொடங்கினால் (மலாயில் ‘நீலா’) அது ஸ்பெயின் பக்கமே போகாமல் வந்தது. ‘அ’வோடு இருந்தால் ஸ்பானியம் அல்லது போர்த்துகீசியம் வழியாக வந்தது. பிரெஞ்சின் ‘அனீல்’ அப்படி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் கீழிருந்த பிலிப்பைன்ஸில் தகாலோக் மொழியின் ‘அஞில்’ அப்படி. சலவைத் துணிக்குப் போடும் நீலத்தையும் அது குறிக்கும். வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நைல் நதிக்கும் அரபியில் ‘அன்னீல்’ என்றே பெயர். இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது.

அடுத்து, கட்டுரையோடு வந்த செடியின் படம். படத்தில் இருப்பது நம் அவுரி, அதாவது இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. கீழே ‘இண்டிகோஃபெரா அனில்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. குவாத்தமாலா, எல் சால்வடோர் பகுதிகளில் ஸ்பானியர்கள் பெருமளவில் சாயம் எடுத்தது அதிலிருந்துதான். காயைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அவுரிக் காய் ஏறக்குறைய நேராக, இரண்டு மூன்று செ.மீ. நீளம் இருக்கும். அமெரிக்கச் செடியின் காய் குட்டை, அரிவாள்போல் நன்றாக வளைந்திருக்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1771-ல் அதற்கு ‘அனில்’ என்று பெயரிட்டார். மில்லர் என்ற தாவரவியலாளர் 1768-லேயே ‘சஃப்ரூட்டிகோசா’ என்று பெயரிட்டுவிட்டதால், முந்திய பெயரே செல்லும் என்ற விதிப்படி இன்று அதுவே வழங்குகிறது.

இனி வேதியியல். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பணிபுரிந்த வேதியியலாளர் ஃபிரிட்ஷே, 1840-ல் நீலச்சாயத்தைக் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தோடு சூடாக்கினார். சூடு மட்டாக இருந்தால் ஆந்த்ரனிலிக் அமிலம் கிடைக்கும். இன்னும் ஏற்றினால் அந்த அமிலம் கரியமில வாயுவை இழந்து எண்ணெயாக வடியும். அந்த எண்ணெய்க்கு அவர் ‘அனிலின்’ என்று பெயர் வைத்தார். மூலப்பொருளின் பெயரோடு ‘இன்’ சேர்ப்பது அக்கால வழக்கம். சாலிக்ஸ் மரப்பட்டையில் கிடைத்தது சாலிசின் ஆனதும் அப்படித்தான். எண்ணெயின் நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. புதிதாக வடித்த அனிலீன்தான் நிறமற்றது. காற்றுப் பட்டுக் கிடந்தால் பழுப்பாகிவிடும்.

உண்மையில் நிறத்தை வைத்து இதே பொருளுக்குப் பெயரிட்டவர் ரூங்கே என்ற வேதியியலாளர். 1834-ல் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்து, சலவைத் தூள் (பிளீச்சிங் பவுடர்) கரைசல் பட்டதும் நீலமாவதைக் கண்டு, கிரேக்கத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘கியனோல்’ என்றார். கட்டுரையாளர் சொல்வதற்கு நேர் எதிரான காரணம்! அன்வெர்டோர்பன் 1826-ல் வைத்த ‘கிரிஸ்டலின்’, ஜினின் 1842-ல் வைத்த ‘பென்சிடாம்’ என்று வேறு பெயர்களும் இருந்தன. நான்கும் ஒரே பொருள் என்று 1843-ல் ஹோஃப்மன் காட்டினார். நிலைத்தது ஃபிரிட்ஷேயின் பெயர். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஏ’ அனிலின்தான். அந்த நிறுவனமே 1897-ல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து அவுரி விவசாயத்தை முடக்கியது.

சல்ஃபனிலமைடு என்ற மருந்தின் பெயருக்கு நடுவிலும் அதே ‘அனில்’ இருக்கிறது. பிளாஸ்டிக் பைகள் அச்சிடும் ஃபிளெக்ஸோ எந்திரத்தில், மையை நுண்குழிகளில் அளந்து கொடுக்கும் உருளைக்கு அனிலாக்ஸ் என்று பெயர். அம்முறையே முன்பு அனிலின் அச்சு எனப்பட்டது. உணவுப் பொட்டலத்தில் நச்சுச் சாயம் என்ற அச்சம் வரக்கூடாதென்று 1952-ல் அமெரிக்காவில் பெயரை மாற்றினார்கள். உருளையின் பெயர் மாறவில்லை.

பெயர் விளக்கம், படக்குறிப்பு இரண்டுக்கும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இணையப் பதிப்பிலும் மாற்றினால் நல்லது. மாணவர்கள் எடுத்து எழுதுவது அங்கிருந்துதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு