ஹேவீஸ் செல்லவிருக்கும் பேராசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வியன்னாவில் மகள் வீட்டுக்கு வரும்போது ஹங்கேரியின் ஹேவீஸ் வெந்நீர் ஏரிக்கும் போய்வரலாமா, அது முழங்கால் வலிக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் தாவரவியல் படித்த வேறு சிலரும் இதையே விசாரித்ததால், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வலிக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. ஏரியையும் அதற்கு நீரூட்டும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க மனமிருந்தால் அவசியம் போய்வாருங்கள்.

ஏறத்தாழ 4.4 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியின் அடியில், சுமார் 38 மீட்டர் ஆழத்தில் ஒரு குகை இருக்கிறது. சூடான ஊற்றும் அதைவிடக் குளிர்ந்த ஊற்றும் அந்தக் குகைக்குள்ளேயே கலந்து மேலெழுகின்றன. நொடிக்கு நானூறு லிட்டர் அளவில் நீர் சுரப்பதால், ஏரி முழுவதும் மூன்று நாள்களுக்குள் புதுநீராகிவிடுகிறது. கோடையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். பனி பெய்யும் மாதங்களிலும் குளிக்கத் தக்க வெதுவெதுப்பு மிஞ்சியிருக்கும். சுற்றிலும் வளர்த்திருக்கும் காடு காற்றைத் தடுத்து, நீராவியை ஏரியின் மேலேயே நிறுத்திவைக்கிறது. உள்ளே யாரும் நீச்சலடித்துச் சாதிக்க முனைவதில்லை. இடுப்பில் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு, நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போல மணிக்கணக்கில் மிதந்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு நேரம் இருக்க வேண்டாம். அரை மணி நேரம் மிதந்துவிட்டுக் கரையேறி ஓய்வெடுங்கள். உங்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் அதைக்கூடச் செய்யாதீர்கள்.

உங்களை அங்கே பிடித்து நிறுத்தப்போவது செவ்வல்லிதான். நம் நாட்டைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடியைப் பக்கத்துக் கெஸ்ட்ஹெய் நகர வேளாண் கல்லூரி ஆசிரியரான லோவாஷி ஷாண்டோர் 1898-இல் இந்த ஏரியில் நட்டார். மற்ற ஏரிகள் உறைந்துபோகும் நாட்டில், அடியிலிருந்து வரும் வெந்நீரை நம்பி அது இன்றுவரை பிழைத்திருக்கிறது. ஊரின் சின்னத்திலும் இடம்பிடித்துவிட்டது. இரவில் மலரும் இனம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, வெயில் ஏறி இதழ்கள் கூம்புவதற்குள் காலையிலேயே மரப்பாலத்துக்குப் போய்விடுங்கள். விளிம்பில் பல் பல்லாக வெட்டுப்பட்ட அந்த இலைகளையும், செம்பு நிறம் மாறாத இளந்தளிரையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

இந்த நீர் என்றைக்கும் வற்றாது என்று எண்ணிவிடக் கூடாது. வடகிழக்கே நியீராட் பகுதியில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டுவதற்காகச் சுண்ணாம்புப் பாறைகளின் நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் இறைத்துக் கொட்டினார்கள். அதன் விளைவாக இங்கே ஊற்றின் வேகம் வெகுவாகக் குறைந்தது. 1990-இல் அந்த நீரிறைப்பு நின்ற பிறகே ஊற்று மெல்ல மெல்லத் தேறத் தொடங்கியது. குளியல் விடுதிகளின் விளம்பரத்தாள்களில் இந்தக் கதை அதிகம் தலைகாட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

கெஸ்ட்ஹெய்யில் ஃபெஸ்டெடிக்ஸ் அரண்மனையும் அதன் நூலகமும் இருக்கின்றன. அழகானவைதான், அரை நாள் போதும். ஹேவீஸில் குளியலுக்கு வழிசெய்த அதே குடும்பத்து ஜார்ஜ் ஃபெஸ்டெடிக்ஸ் 1797-இல் தொடங்கிய ஜியார்ஜிகான் வேளாண் கல்லூரியே உங்களுக்கு அதைவிடச் சுவையாக இருக்கும். மாலையில் ஹேவீஸிலேயே உள்ள எக்ரெகி மேட்டுக்கு நடந்து செல்லலாம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழங்காலத் தேவாலயமும், அதற்கருகே வரிசையாக ஒயின் கடைகளும் உள்ளன. நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்றாலும், எண்ணெயில் பொரித்த மாவின் மேல் புளித்த பாலேடும் சீஸும் போட்டுத் தரும் லாங்கோஷை ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்.

ஒரு முழு நாளைக் கிஷ்-பலடான் சதுப்பு நிலத்துக்கு ஒதுக்குங்கள். அந்தச் சதுப்பை வடித்து வயலாக்கியதால், ஸலா ஆறு சுமந்து வந்த வண்டலும் உரச்சத்தும் வடிகட்டப்படாமல் கெஸ்ட்ஹெய்யை ஒட்டிய பலடான் ஏரியில் போய்ச் சேர்ந்தன; கெஸ்ட்ஹெய் விரிகுடாவில் பாசி மண்டியது. தவறை உணர்ந்து 1980-களில் தண்ணீரை மறுபடியும் தேக்கத் தொடங்கினார்கள். இன்று நாணற்காடுகளுக்கு இடையே பெரிய வெண்கொக்குகள் கூடு கட்டுகின்றன. அருகிலுள்ள காபோல்னாபுஸ்டாவில் எருமைகளுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. கொம்பு மட்டும் தெரியச் சேற்றில் அமிழ்ந்து கிடக்கும் அவற்றைப் பார்க்க ஐரோப்பியக் குழந்தைகள் நுழைவுச் சீட்டு வாங்கி வருவது உங்களுக்கு நல்ல வேடிக்கையாக இருக்கும்.

ஹேவீஸுக்கு ரயில் கிடையாது. கெஸ்ட்ஹெய் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். மகள் காரில் அழைத்து வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சதுப்பு நிலத்துக்குப் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. செப்டம்பரில் வாருங்கள்: வெயில் தணிந்திருக்கும், அல்லியும் பூத்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். தேதி முடிவானதும் தெரிவியுங்கள். ஏரிக்கு நடக்கும் தொலைவில் தங்குமிடம் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவன்