கரியை வெறுமனே தூவாதீர்கள்

ஆசிரியருக்கு,

உயிர்க்கரி (பயிர்க்கழிவு, மரத்துண்டுகளைக் காற்று குறைவாக வைத்துச் சுட்டெடுக்கும் கரி) போட்ட முதல் பருவத்திலேயே பயிர் வெளிறினால் பலரும் கரியைக் குறை சொல்கிறார்கள். குறை அதை வெறுங்கரியாகப் போட்டதில்தான். அதிலுள்ள சொற்பத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) பயிருக்கு எளிதில் கிட்டாது. போதாக்குறைக்கு, புதுக்கரி மண்ணில் தழைச்சத்தின் ஒரு வடிவமான அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியில் எளிதில் சிதையும் பகுதியைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

கரியை 5 மி.மீ.க்கும் சிறிதாக நொறுக்குங்கள். (முதலில் நனைத்துவிடுங்கள், தூசி மூச்சில் ஏறும்.) மட்கும் குப்பையில் கன அளவில் 10 சதவீதம் கலந்து, உரம் முதிரும்வரை விடுங்கள். அவசரமென்றால் சாணக் கரைசலில் 2 முதல் 4 வாரம் ஊறட்டும். இப்படி ஊட்டமேற்றிய கரி சதுர மீட்டருக்கு அரை முதல் 1 கிலோ போதும்; மேல் 15 செ.மீ. மண்ணில் கிளறிவிட வேண்டும்.

சாம்பல் மிகுந்த கரி காரத்தன்மை கொண்டது. யூரியாவுடனோ பச்சைக் கோழி எருவுடனோ கலந்து மேலாகத் தூவினால் அம்மோனியா ஆவியாகப் போய்விடும். மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) பார்க்காமல் இறங்குவதும் தவறு: அமில மண்ணில் பலன் நன்றாகத் தெரியும், ஏற்கெனவே கார மண்ணென்றால் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை கூடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்