அக்டோபர் 16 என்ன கிழமை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பிரிட்டிஷ் விமானப்படையின் 602-வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) பற்றிய கட்டுரையில் ‘பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு’ என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்திருக்கிறது. மூன்று நாளாக அது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. உங்களுக்குத் தெரியாததா? ‘கோடீஸ்வரர் ஸ்குவாட்ரன்’ என்று பேர் வாங்கியது லண்டனின் 601. 602 ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர்களுடையது. 1925 செப்டம்பரில் ரென்ஃப்ரூவில் தொடங்கியது, ஆக்ஸிலரி ஸ்குவாட்ரன்களிலேயே, அதாவது வேறு தொழில் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பறந்தவர்களின் பிரிவுகளிலேயே, முதலாவது.

அதில் சீமான்களே இல்லையா என்றால், இருந்தார்கள். 1933-ல் நம் பூர்ணியாவிலிருந்து கிளம்பி எவரெஸ்டுக்கு மேலே பறந்த இரண்டு விமானங்களில் ஒன்றை ஓட்டிய கிளைட்ஸ்டேல், பிரபு வீட்டுப் பிள்ளைதான்; அப்போது 602-க்குத் தலைவரும் அவரே. மற்றொன்றை ஓட்டிய மக்கின்டையரும் அதே ஸ்குவாட்ரன். லேடி ஹூஸ்டன் என்ற பணக்கார அம்மாள் கொடுத்த காசில் நடந்த பயணம் அது. உங்கள் கட்டுரையாளரோ ‘ராயல் ஏர்ஃபோர்ஸ் பறந்தது’ என்று அரை வரியில் முடித்துவிட்டார். பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

ஆனால் அதே 602-ன் பைலட் பிங்கர்டன் விவசாயி ஐயா. மெக்கெல்லர் சுவர்ப் பூச்சு வேலை பழகியவர், நம் ஊர்க் கணக்கில் கொத்தனார். 1939 அக்டோபர் 16 அன்று ஃபோர்த் கழிமுகத்தில் போர்க்கப்பல்களைத் தாக்க வந்த யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களைத் துரத்தி ஒன்றைக் கடலில் விழ வைத்தவர்கள் இந்த இருவர்தான். அதே நாள் எடின்பரோவின் 603-லிருந்து வந்து இன்னொன்றைச் சுட்டு வீழ்த்திய கிஃபோர்டு வக்கீல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வானில் ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் வீழ்த்திய முதல் எதிரி விமானங்கள் அவை. அன்றைக்குத் திங்கட்கிழமை, ஞாயிறு இல்லை. காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

தரைப்பணியாளர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. நான் 20 வருஷம் விமானப்படையில் ரிக்கராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்தவன். விடியற்காலையில் டார்ச்சோடு சக்கரக் குழிக்குள் தலையை விட்டு, ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறதா என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்து, எஃப்-700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் ஏறுவார். ஊருக்கு வந்தால் ‘ஏர்ஃபோர்ஸா, பைலட்டா?’ என்பார்கள். இல்லை என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என் மாமனாரே கல்யாணப் பத்திரிகையில் பைலட் என்று போட்டுவிடலாமா என்று கேட்டவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். பத்திரிகை நடத்துகிறவர்களுமா?

அப்புறம் அந்தப் படம். ‘1940 போரில் 602-ன் ஸ்பிட்ஃபயர்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் அதை நேரில் பார்த்தேன். கீழே பாடம் செய்த யானை நிற்கிறது, அதற்கு மேலே கூரையிலிருந்து விமானம் தொங்குகிறது. பேத்தி யானையைப் பார்த்தாள், நான் ப்ரொப்பெல்லரின் இதழ்களை (பிளேடுகளை) எண்ணினேன். ஐந்து இதழ். 1940-ல் ஏது ஐந்து இதழ்? அது ஸ்பிட்ஃபயர் 21, போர் முடிந்தபின் 1947-லிருந்து 49 வரை 602-ல் இருந்தது. உங்கள் கட்டுரையோ 1945-ஓடு கடையைக் கட்டிவிட்டது. அதன்பிறகு வாம்பயர் ஜெட் வரை ஓட்டியவர்களை, மற்ற ஆக்ஸிலரி பறக்கும் ஸ்குவாட்ரன்களோடு சேர்த்து 1957 மார்ச் 10-ம் தேதி ஒரே நாளில் கலைத்தார்கள். அதுவும் பொழுதுபோக்குதானோ என்னவோ.

இரண்டு வருஷத்துக்கு முன் கிரண் விமானத்தின் படத்தைப் போட்டு மிக் என்று எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன், வரவில்லை. அந்த இதழில் வெண்டைக்காய் மோர்க்குழம்புக்கு நன்றி சொல்லி மூன்று கடிதங்கள் வந்திருந்தன. குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோடீஸ்வரர் ஸ்குவாட்ரன் என்பது 601, படம் போருக்குப் பிந்தைய விமானம் என்று ஏதாவது மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். கூடவே என் சந்தா முகவரியில் கதவு எண் 41, நீங்கள் 42 என்று அச்சடித்து அனுப்புகிறீர்கள், இதழ் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. இந்த இதழும் அவர் குறுக்கெழுத்தை முழுக்கப் போட்டு முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

இப்படிக்கு,
முன்னாள் சார்ஜென்ட், இந்திய விமானப்படை
ராஜபாளையம்