மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார்: எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளியான பராமரிப்புக் குறிப்புகளில், காரின் இழுவை குறைந்து எரிபொருள் செலவு கூடினால் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று ஒற்றை வரியில் சொல்லப்பட்டிருந்தது. அறிவுரை சரியானதே. ஆனால் எதைக் கொண்டு சுத்தம் செய்வது, எதைத் தொடக்கூடாது என்ற இரண்டும் அந்த வரியில் இல்லை. இந்தப் பாகத்தைப் பொறுத்தவரை அவை இல்லாத அறிவுரை, அழுக்கு மட்டுமே படிந்த நல்ல சென்சாரையும் பாழாக்கிவிடக் கூடியது. கையருகில் இருக்கும் கார்புரேட்டர் கிளீனரை எடுத்து அடிப்பதும், பஞ்சுக் குச்சியால் துடைப்பதும்தான் அதைப் படிக்கும் ஒருவருக்கு இயல்பாகத் தோன்றும். வாகனங்களின் மின்னணுப் பழுதுகளோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில், விடுபட்டவற்றைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் இடையிலுள்ள காற்றுக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் இந்தச் சென்சார், எஞ்சினுக்குள் நொடிக்கு எத்தனை கிராம் காற்று செல்கிறது என்பதை அளந்து, கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சி.யு.வுக்குத் தெரிவிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே காற்றின் எடை தெரிந்தால்தான் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈ.சி.யு.வால் முடிவுசெய்ய முடியும். இன்று பரவலாக உள்ளவை சூடான கம்பி அல்லது சூடான படலம் கொண்ட சென்சார்கள். உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான வெப்பநிலையில் அந்தக் கம்பி எப்போதும் வைக்கப்பட்டிருக்கும். காற்று விரைந்து கடக்கும்போது கம்பியின் சூடு ஆறுகிறது. ஆறிய சூட்டை ஈடுசெய்யக் கூடுதலாக எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அசையும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் பாஷ் நிறுவனத்தின் எல்.எச். ஜெட்ரானிக் என்ற எரிபொருள் செலுத்தும் அமைப்பில் வந்த பிளாட்டினக் கம்பியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் அளவு. இந்தக் கம்பியில் அழுக்கு படிந்தால் அளவு பிசகும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்தியபின் சுமார் ஒரு நொடி நேரம் கம்பியை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி, படிந்ததை எரித்துவிடும் ஏற்பாட்டை அந்த அமைப்பிலேயே வைத்திருந்தார்கள். பின்னர் வந்த படல வகைச் சென்சார்கள் பலவற்றில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்ணிய தூசியும், எஞ்சின் நின்றபின் குழாயில் பின்னோக்கி வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து கம்பியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சு கம்பிக்குப் போர்வையாகி, காற்று அதன் சூட்டைப் பறிப்பதைத் தடுக்கிறது. கம்பி ஆறாததால் சென்சார் உண்மையில் செல்லும் காற்றைவிடக் குறைவாகவே கணக்குச் சொல்கிறது, ஈ.சி.யு. அதற்கேற்ப எரிபொருளைக் குறைக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் தயங்குவதும், மேட்டில் ஏறும்போது திணறுவதும் இதனால்தான். சீரான ஓட்டத்தில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் இந்தக் குறையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டே இருக்கும் என்பதால், ஓட்டுபவர் பல மாதங்கள் எதையும் உணராமலே போகலாம். சில சென்சார்களில் இதே பூச்சு, எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும் ஐட்லிங் நிலையில் அளவைக் கூட்டிக் காட்டவும் செய்யும். அப்போது எரிபொருள் தேவைக்கு மேல் செல்கிறது. டீசல் கார்களில் விளைவு சற்று வேறுபட்டது. காற்று குறைவு என்று தவறாக அறியும் ஈ.சி.யு., கரும்புகை வராமலிருக்க எரிபொருளுக்கு வரம்பு கட்டிவிடுவதால், எஞ்சின் நன்றாக இருந்தும் வலுவற்றது போல் ஓடும்.

இந்த அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆகவே திருகைக் கழற்றுவதற்கு முன், பழுது இந்தச் சென்சாரில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது மிகவும் முக்கியம். தங்கள் குறிப்பில் இதைப் பற்றிய பேச்சே இல்லாதது எனக்கு வருத்தமளித்தது. முதலாவதாக, எல்லாக் கார்களிலும் இந்தச் சென்சார் இருப்பதில்லை. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கொண்டே காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அத்தகைய காரில் இல்லாத பாகத்தைத் தேடிக் குழாய்களைக் கழற்றிப் பயனில்லை. அடுத்து, செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஈ.சி.யு.வில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பி0100 முதல் பி0104 வரையிலான குறியீடுகள் இந்தச் சென்சாரையோ அதன் மின்சுற்றையோ சுட்டுகின்றன. பி0171 என்பது எரிபொருள் போதாத கலவை என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு அழுக்கான சென்சாரும் காரணமாகலாம், வெடித்த ரப்பர் குழாயும் காரணமாகலாம், வலுவிழந்த எரிபொருள் பம்பும் காரணமாகலாம்.

இவற்றைப் பிரித்தறிய ஸ்கேனரில் தெரியும் ஃபியூயல் ட்ரிம் அளவு, அதாவது ஈ.சி.யு. எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்ற அளவு, பெரிதும் உதவுகிறது. ஐட்லிங்கில் உயர்ந்திருந்து, எஞ்சின் வேகம் கூடக்கூட ஃபியூயல் ட்ரிம் இறங்கினால், எங்கோ வழியில் சென்சார் அளக்காத கள்ளக் காற்று நுழைகிறது என்று பொருள். குழாய்களைத்தான் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் சரியாக இருந்து, பாரம் ஏறும்போது உயர்ந்தால், சென்சாரின் மேலும் எரிபொருள் அழுத்தத்தின் மேலும் ஐயம் கொள்ளலாம். சென்சார் காட்டும் கிராம் அளவையும் நேரடியாகப் பார்க்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஏ.சி. அணைந்திருக்கும்போது, ஐட்லிங்கில் நொடிக்குச் செல்லும் காற்று, கிராமில், ஏறத்தாழ எஞ்சினின் லிட்டர் கொள்ளளவை ஒட்டி இருக்கும் என்பது பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பணிமனைகளில் வழங்கும் ஒரு பொதுக்கணக்கு. துல்லியமான அளவுக்கு அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

இனி சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். இதற்கெனவே எம்.ஏ.எஃப். (மாஸ் ஏர் ஃப்ளோ) சென்சார் கிளீனர் என்ற பெயரில் ஸ்பிரே விற்கப்படுகிறது. விரைவில் ஆவியாகி, எச்சம் எதையும் விடாமல், பிளாஸ்டிக்கைத் தாக்காமல் இருப்பதே அதன் தனித்தன்மை. கார்புரேட்டர் கிளீனர் பிசின் போன்ற கடினமான படிவைக் கரைக்க உருவாக்கப்பட்டது. அது சென்சாரின் பிளாஸ்டிக் உறையையும், உள்ளே பாகங்களை மூடியிருக்கும் பூச்சையும் கரைக்கக்கூடும். பிரேக் கிளீனர் எச்சம் விடாது என்று சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள்; உலோகத்துக்காக ஆக்கப்பட்ட அந்தத் திரவங்களிலும் பிளாஸ்டிக்கைப் பதம்பார்ப்பவை உண்டு. பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே ஆகியவற்றை இதன் அருகிலேயே கொண்டுவரக்கூடாது. எண்ணெய் ஸ்பிரே விட்டுச்செல்லும் படலம், நாம் நீக்க நினைத்த அழுக்கின் வேலையையே செய்யும். உரிய ஸ்பிரே கிடைக்காத இடத்தில் 99 விழுக்காடு தூய்மையான ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பயன்படுத்துவோர் உண்டு. காயத்துக்குத் தடவும் 70 விழுக்காட்டுக் கரைசலில் தண்ணீர் கலந்திருப்பதால் அது இதற்கு ஏற்றதன்று.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இந்தத் திரவங்கள் எளிதில் தீப்பற்றுபவை. கம்பியும் எஞ்சினும் சூடாக இருக்கும்போது அடிப்பது சென்சாருக்கும் கேடு, செய்பவருக்கும் ஆபத்து. காற்றோட்டமான இடத்தில், இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, சென்சாரின் கனெக்டரைப் பூட்டை அழுத்தி விடுவிக்க வேண்டும். எஞ்சின் சூட்டில் பல ஆண்டுகள் இருந்த பூட்டு முறுகி, எளிதில் உடையும் நிலையில் இருக்கும் என்பதால் வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. சென்சார் பெரும்பாலும் இரண்டு திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். சில கார்களில் அவை நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் திருகுகள். பொருத்தமில்லாத திருப்புளியால் அவற்றின் தலையைத் தேய்த்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். கழற்றுவதற்கு முன் குழாயையும் ஃபில்டர் பெட்டியின் மூடியையும் துடைத்துக்கொண்டால், மேலிருக்கும் தூசி உள்ளே விழாது.

வெளியே எடுத்த சென்சாரின் நுனியில் சிறிய திறப்பும், அதனுள் கம்பியோ படலமோ, பல வகைகளில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சிறு மணி போன்ற ஓர் உறுப்பும் தெரியும். இவற்றில் எதையும் விரலாலோ, பஞ்சாலோ, தூரிகையாலோ தொடக்கூடாது என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அழுத்தக் காற்றை அடிப்பதும் கூடாது, கம்பி அறுந்துவிடும். ஸ்பிரே குப்பியை ஒரு சாண் அளவு தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டுச் சிறு சிறு வீச்சுகளாக எல்லாப் பக்கங்களிலிருந்தும் அடித்து, கரைந்த அழுக்கு சொட்டி வெளியேறும்படி நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். குப்பியின் குழல்நுனி கம்பியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுக்கைச் சுரண்டி எடுக்கும் ஆசை இங்கே எழும். ஒருமுறை போகாத அழுக்கை, காய்ந்தபின் மறுமுறை அடித்துத்தான் போக்க வேண்டும். முழுவதும் தானாகவே உலரும் வரை, குறைந்தது அரைமணி நேரமாவது, பொறுத்திருப்பது நல்லது. ஈரத்தோடு பொருத்தி இக்னிஷனைப் போட்டால் சூடேறும் கம்பியும் தீப்பற்றும் ஆவியும் ஒரே குழாயில் இருக்கும் நிலை ஏற்படும்.

திரும்பப் பொருத்துகையில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனித்து, காற்றுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மடங்காமலும் அறுபடாமலும் வைத்து, திருகுகளை அளவோடு இறுக்க வேண்டும். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தால், சென்சார் அளக்காத காற்று உள்ளே நுழைந்து, பழைய அறிகுறிகளே புதிதாகத் தோன்றும். பதிவான குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டுச் சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பது முறையானது. ஈ.சி.யு. பழைய அழுக்குக்கு ஏற்பத் தன்னைத் திருத்திப் பழகியிருக்கும் என்பதால், முதல் சில கிலோமீட்டர்களை மட்டும் கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

சுத்தம் செய்தும் சில மாதங்களிலேயே அழுக்கு திரும்பினால், அழுக்கு வரும் வழியைத் தேட வேண்டும். பெட்டியில் சரியாக அமராத ஃபில்டர், மூடியின் உடைந்த கிளிப், தரமற்ற காகித ஃபில்டர் ஆகியவையே பெரும்பாலும் காரணம். கழுவி எண்ணெய் பூசி மீண்டும் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர்களில், எண்ணெய் மிகுந்துவிட்டால் அது காற்றோடு சென்று நேரே கம்பியில் ஒட்டும். ஃபில்டரைக் கவனிக்காமல் சென்சாரை மட்டும் மீண்டும் மீண்டும் கழற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும் செயலாகும். நன்றாக இயங்கும் சென்சாரை வழக்கமாகக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. கம்பி அறுந்திருந்தாலோ உள்ளிருக்கும் மின்சுற்று பழுதடைந்திருந்தாலோ எந்தத் திரவமும் அதைச் சரிசெய்யாது. அப்போது மாற்றுவதே வழி. மறுபுறம், குறியீட்டைப் பார்த்தவுடனே சுத்தம் செய்து பார்க்காமலும் கனெக்டரைச் சோதிக்காமலும் புதிய சென்சாரை வாங்கச் சொல்லும் பழக்கமும் பணிமனைகளில் இருக்கிறது. வாகன உரிமையாளர் அங்கே தயங்காமல் காரணம் கேட்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கார்களில் மட்டும் இவ்வேலையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திடமே விட்டுவிடலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. சுத்தம் செய்யுங்கள் என்று வாசகரிடம் சொல்லும் ஒவ்வொரு குறிப்பிலும், பயன்படுத்த வேண்டிய திரவத்தின் பெயரையும், தொடக்கூடாத பகுதியையும் சேர்த்தே அச்சிடுங்கள். முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, விடுமுறை நாளில் செய்யலாம் என்று கார்புரேட்டர் கிளீனரை வாங்கி வைத்திருக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். ஆகையால் அதற்கான திருத்தத்தை வாகனப் பக்கத்தின் அடுத்த வெளியீட்டிலேயே, அதே இடத்தில், கண்ணில் படும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்