மொட்டைமாடி டிஸ்கோனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி உச்சியில் நிற்கும் பழைய டிஸ்கோன், அதாவது மேலே வட்டமாக விரிந்த கம்பிகளும் கீழே கூம்பாகச் சரியும் கம்பிகளும் கொண்ட ஸ்கேனர் ரேடியோ ஆண்டெனா, இப்போது 50 மெகாஹெர்ட்ஸிலும் தெளிவாகக் கேட்கிறது. சம இரவு நாள்களை ஒட்டிய மாலைகளில் அந்த அலைவரிசை நிலநடுக்கோட்டைத் தாண்டிப் பாயும் என்பதால்தான் இத்தனை சிரமமும். யார் என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதிவிட்டால் அடுத்தவருக்கும் உதவும்.

லோரோங் கூலிட் சந்தை அண்ணனுக்கு முதல் நன்றி. மேலே 8, கீழே 8 என்று ஒரு கம்பியும் குறையாமல் கொடுத்தீர்கள். கீழ்க்கம்பி 80 செ.மீ.தான், அதனால் 90 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இது பாதிச் செவிடு. கம்பிகளை நீட்டினால் சரியாகும் என்று இறங்கினோம்.

பட்டர்வொர்த் ஐயாவுக்குத்தான் பெரிய கடன். "நீட்டுறது இருக்கட்டும், மொதல்ல அளந்து பாருங்க" என்றீர்கள். சாக்கெட்டின் நடு ஊசிக்கும் மேல்கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையே 1 ஓமுக்குள் வர வேண்டும். மூன்று கம்பிகளில் மீட்டர் அசையவே இல்லை. கடல்காற்றில் அலுமினியத்தின் மேல் படிந்த வெள்ளைப்பொடி மின்சாரத்தை விடாது. திருகைக் கழற்றி, எஃகு பிரஷால் மினுங்கும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பசை தடவி முடுக்கினோம். நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் உள்ளே தண்ணீர். நீட்டிய குழாயைவிட இந்த ஒரு மணி நேர வேலைதான் அதிகம் கொடுத்தது என்பது எங்கள் எண்ணம்.

லேத் கடைத் தம்பி, 10 மி.மீ. அலுமினியத் துண்டில் எம்6 மரை போட்டுக் கொடுத்தீர்கள். அதை 12 மி.மீ. குழாயின் அடியில் செருகி, டிஸ்கோன் தலையிலுள்ள துளையில் எவர்சில்வர் திருகால் நிறுத்தினோம். மேலே 10 மி.மீ. குழாய், மணல்தாளால் தேய்த்தால்தான் நுழையும். 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி சுமார் 1.43 மீட்டர். 1.55இல் தொடங்கி, இரவல் வந்த நேனோ விஎன்ஏயை (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) பார்த்துப் பார்த்து ஒரு செ.மீ.யாக வெட்டினோம். கூடினால் வெட்டலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. எதிரெதிர்க் கீழ்க்கம்பிகள் இரண்டையும் ஹோஸ் கிளிப் போட்டு 1.4 மீட்டராக நீட்டினோம். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவின் பொருத்த அளவு, 1 என்றால் முழுப்பொருத்தம்) 2இல் நின்றதும் நிறுத்திவிட்டோம். கேட்பதற்கு மட்டும் என்றால் அதில் இழப்பு அரை டெசிபல்தான், அதற்கு மேல் மல்லுக்கட்டுவது வீண்.

டிஷ் பொருத்தும் அண்ணன் கொடுத்த ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம், ரேடியோ 50 ஓம் என்று தயங்கினோம். கேட்பதற்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதன் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. இறுக்கிப் பொருத்தும் எஃப் கனெக்டரே வழி. பழைய கேபிளை அறுத்தபோது பின்னல் கரேலென்று இருந்தது. அடைப்பு நாடா சுற்றும்போது தலையின் அடியிலுள்ள சிறு துளையை மூடவிடாமல் தடுத்ததும் நீங்களே. தேங்கும் நீர் அது வழியாகத்தான் வடியும்.

இவ்வளவும் செய்தபின் இரைச்சலும் கூடவே ஏறியது. கீழ்க்கம்பிகள் போதாதபோது கேபிளின் வெளிப்பின்னலே ஆண்டெனாவாகி, வீட்டு இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். தலைக்குக் கீழே இரைச்சலைத் தடுக்கும் 31ஆம் வகை ஃபெரைட் (காந்தப்பொருள்) கிளிப் ஐந்தைக் கவ்வவிட்டு, நழுவாமல் அடியில் கேபிள் டை கட்டினோம். பாதி அடங்கியது. மீதி, நான்காம் மாடி அக்கா வராந்தா எல்இடி விளக்கை அணைத்த நொடியில் போயிற்று. விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியையே மாற்றவும் சம்மதித்தீர்கள் அக்கா, நன்றி.

அனுமதி தந்த குடியிருப்பு நிர்வாகத்துக்கு: கம்பத்தை இடிதாங்கி எர்த்தோடு இணைத்தாயிற்று. இடி முழங்கினால் கேபிளைக் கழற்றிவிடுவோம்.

மீந்த 10 மி.மீ. குழாய் 40 செ.மீ.யும் ஹோஸ் கிளிப் இரண்டும் லேத் கடையில் இருக்கின்றன. வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
மொட்டைமாடி ஏறி இறங்கிய நால்வர்
பினாங்கு